விடை சரி, வழி சரியா? யுரேனியம்-238ம் 500 பிசிஎம் இடைவெளியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு தொட்டிக்குள் எரிபொருள் கம்பிகள் வரிசையாக நிற்கின்றன. தண்ணீரை மெல்ல ஏற்றுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் தொடர்வினை தன்னைத்தானே தாங்கிக்கொள்கிறது. வளரவும் இல்லை, தேயவும் இல்லை. மாறுநிலை எனப்படும் அந்த நிலையில் நியூட்ரான் பெருக்கக் காரணி, அதாவது ஒரு தலைமுறை நியூட்ரான்களைப் போல் அடுத்த தலைமுறை எத்தனை மடங்கு என்ற எண், 1. இயற்கையே கொடுத்த விடை அது.

இப்போது அதே தொட்டியைக் கணினியில் கட்டுகிறோம். கம்பியின் விட்டம், இடைவெளி, செறிவூட்டல் (யுரேனியத்தில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235ன் பங்கு), உறையின் தடிமன், நீரின் வெப்பநிலை என எல்லாமே அளந்து எழுதிவைக்கப்பட்டவை. மான்டே கார்லோ நிரல் கோடிக்கணக்கான நியூட்ரான்களைப் பிறப்பித்து, ஒவ்வொன்றும் சாகும்வரை பின்தொடர்ந்து, பெருக்கக் காரணி 0.995 என்று சொல்கிறது. 1 வர வேண்டிய இடத்தில் ஆயிரத்துக்கு ஐந்து குறைவு. அணு உலை இயற்பியலாளர்கள் இதை 500 பிசிஎம் என்பார்கள். ஒரு பிசிஎம் என்றால் லட்சத்தில் ஒரு பங்கு.

ஒரு சோதனையில் மட்டும் இப்படி வந்திருந்தால் அளவீட்டில் பிசகு என்று விட்டிருக்கலாம். ஆனால் 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், குறைந்த செறிவூட்டல் கொண்ட யுரேனிய ஆக்சைடு கம்பிகளை நீரில் நிறுத்திய சோதனைகளைக் கணக்கிட்ட பலருக்கும் இதே பக்கச் சாய்வு கிடைத்தது. நியூட்ரான் ஒவ்வோர் அணுவோடும் எவ்வளவு வினைபுரியும் என்ற எண்களைத் தரும் அமெரிக்கத் தரவுத் தொகுப்பான என்டிஎஃப்/பி-6ஐ வைத்தாலும், ஐரோப்பிய ஜெஃப்-3.0ஐ வைத்தாலும் விடை 500 பிசிஎம் அளவில் கீழேயே நின்றது. உலகில் ஓடும் மின் உலைகளில் பெரும்பான்மை இந்த வகைக் கம்பிகளைத்தான் எரிக்கின்றன. நாம் மிக நன்றாக அறிந்திருக்க வேண்டிய அமைப்பில்தான் கணக்கு இடித்தது.

500 பிசிஎம் என்பது பெரிதா?

பெரிதுதான். யுரேனியம்-235ன் தாமத நியூட்ரான் பங்கு (பிளவு நடந்து சற்றுப் பிந்தி வெளிவரும் நியூட்ரான்களின் பங்கு) சுமார் 650 பிசிஎம். உலையைக் கட்டுப்படுத்த மனிதனுக்குக் கிடைக்கும் அவகாசம் முழுவதும் அந்த 650க்குள் இருக்கிறது. இந்தப் பிழை அதில் முக்கால் பங்கு. அழுத்தநீர் உலையில் நியூட்ரானை விழுங்குவதற்காக நீரில் கரைத்த போரானின் ஒவ்வொரு பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஏறத்தாழ 7 முதல் 10 பிசிஎம் என்று கொண்டால், கணிப்பு 50 முதல் 70 பிபிஎம் வரை தவறும். எரிபொருள் சுழற்சியின் நீளத்தில் பார்த்தால் இரண்டு வாரத்துக்கும் மேலான மின்சாரம்.

உலை இயக்குபவர்கள் இதனால் தடுமாறவில்லை. நீண்ட அனுபவத்தில் தங்கள் நிரலுக்கு ஒரு திருத்த எண்ணைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்துவந்தார்கள். பழகிய உலைக்கு, பழகிய எரிபொருளுக்கு அது போதும். புது வகை எரிபொருளோ புது வடிவமைப்போ வந்தால் அந்தத் திருத்த எண் எவ்வளவு பொருந்தும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிழை எங்கே பிறக்கிறது என்று தெரியாதவரை திருத்தம் வெறும் ஒட்டுதான். அதனால்தான் இந்த நிகழ்வு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

சந்தேகப் பட்டியல்

முதல் சந்தேகம் நிரல் மீது. வெவ்வேறு நாடுகளில் தனித்தனியாக எழுதப்பட்ட மான்டே கார்லோ நிரல்கள் ஒரே தரவை வைத்துக்கொண்டு ஏறக்குறைய ஒரே விடையைத் தந்தன. நியூட்ரான் எண்ணிக்கையைக் கூட்டினால் புள்ளியியல் இரைச்சலை 10, 20 பிசிஎம் வரை இறக்கிவிடலாம். ஆக நிரல் குற்றவாளி இல்லை.

அடுத்து சோதனையின் விவரிப்பு. இதற்கு நல்ல அடித்தளம் இருந்தது. 1992ல் அமெரிக்காவில் தொடங்கி, 1995 முதல் ஓஇசிடி அணுசக்தி முகமையின் கீழ் நடக்கும் பன்னாட்டு மாறுநிலைப் பாதுகாப்பு பெஞ்ச்மார்க் (கணக்கை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை) திட்டம், பழைய சோதனைகளின் குறிப்பேடுகளைத் தோண்டியெடுத்து, ஒவ்வோர் அளவுக்கும் நிச்சயமின்மை கணக்கிட்டு, பெரிய கையேடாகத் தொகுத்துவருகிறது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் நடந்த மிகப் பொறுமையான, மிகக் குறைவாகப் பாராட்டப்பட்ட வேலை அதுதான். கம்பிச் சோதனைகளின் நிச்சயமின்மை பொதுவாக 200, 300 பிசிஎம் அளவில் இருக்கும். 500ஐ அதற்குள் அடக்க முடியாது. அதுவும் எல்லாம் ஒரே பக்கம் சாயும்போது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். கையேட்டில் ஜப்பானின் டிசிஏ என்ற சோதனை உலையில் செய்த தொகுதி ஒன்று இருக்கிறது: 2.6 விழுக்காடு செறிவூட்டிய கம்பிகள், 18 அமைப்புகள். பதினெட்டிலும் கம்பிகள் அதே கம்பிகள். செறிவூட்டலை அளந்ததில் சிறு பிழை இருந்தால் அது பதினெட்டு விடைகளையும் ஒன்றாகவே தள்ளும். 18 அமைப்புகளை 18 சாட்சிகளாக எண்ணக் கூடாது. ஒரே வீட்டிலிருந்து வந்த சாட்சிகள் அவை. சரிபார்ப்பு அறிக்கைகளில் 'நூற்றுக்கணக்கான பெஞ்ச்மார்க்குகளின் சராசரி' என்று படிக்கும்போதெல்லாம் அதில் எத்தனை வீடுகள் என்று பார்ப்பது நல்லது. இந்த நிகழ்வில் வெவ்வேறு ஆய்வகங்களின், வெவ்வேறு செறிவூட்டலுள்ள கம்பிகள் ஒரே கதையைச் சொன்னதால்தான் அது நம்பத்தக்கதாயிற்று.

சரி, மிச்சம் இருப்பது தரவு. கம்பிச் சோதனையில் நியூட்ரான் சந்திக்கும் முக்கிய அணுக்கள் ஹைட்ரஜன், ஆக்சிஜன், உறை உலோகம், யுரேனியம்-235, யுரேனியம்-238. இதில் யார்?

கரைசல் சொன்ன சாட்சி

உயர் செறிவூட்டிய யுரேனியத்தை உப்பாக நீரில் கரைத்துச் செய்த சோதனைகளும் கையேட்டில் நிறைய உண்டு. அவற்றில் ஹைட்ரஜன் இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது, யுரேனியம்-235 இருக்கிறது. யுரேனியம்-238 மிகச் சொற்பம். என்டிஎஃப்/பி-6ன் பிந்தைய வெளியீடுகளில் யுரேனியம்-235ன் ஒத்ததிர்வுத் தரவு (எந்தெந்த ஆற்றல்களில் அணு நியூட்ரானோடு மிக அதிகமாக வினைபுரியும் என்பது) புதுப்பிக்கப்பட்ட பின் இந்தக் கரைசல் சோதனைகள் நன்றாகவே 1ஐ ஒட்டி வந்தன.

ஆகவே கரைசலில் இல்லாமல் கம்பியில் மட்டும் இருப்பதன் மேல் கண் விழுந்தது. அது யுரேனியம்-238. இந்தத் தர்க்கம் அழகானது, பெரிய அளவில் சரியும்கூட. ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. கரைசல் சரியாக வந்தது என்றால், அதிலுள்ள அணுக்களின் கூட்டு விளைவு சரி என்று மட்டுமே பொருள். ஆக்சிஜனில் ஒரு பிழையும் யுரேனியம்-235ல் அதற்கு எதிர்ப் பிழையும் இருந்தாலும் கரைசல் சரியாகவே வரும். பிறகு இந்த ஓட்டைக்குத் திரும்பி வருகிறேன்.

யுரேனியம்-238 நியூட்ரானை எப்படிப் பிடிக்கிறது?

பிளவில் பிறக்கும் நியூட்ரான் சராசரியாக 2 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு கிளம்புகிறது. நீரில் மோதி மோதி வேகம் குறைந்து இறங்கும் வழியில் யுரேனியம்-238ன் ஒத்ததிர்வுகள் காத்திருக்கின்றன. 6.67 எலக்ட்ரான் வோல்ட், 20.9, 36.7, 66 என்று ஒவ்வொன்றும் ஒரு குறுகிய, உயரமான முகடு. முதல் முகட்டின் உச்சியில், அறை வெப்பநிலையில், குறுக்குவெட்டுப் பரப்பு, அதாவது வினை நடக்கும் வாய்ப்பின் அளவு, ஆயிரக்கணக்கான பார்ன் (அந்தப் பரப்பின் அலகு). அந்த ஆற்றலோடு எரிபொருள் வில்லைக்குள் நுழையும் நியூட்ரான் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தாண்டாது. வில்லையின் மேல்தோலே அதை விழுங்கிவிடும். உள்ளே இருக்கும் யுரேனியத்துக்கு அந்த ஆற்றலில் வேலையே இல்லை.

இதைத் தற்காப்பு என்கிறார்கள். நீர்த்த நிலையில் யுரேனியம்-238ன் ஒத்ததிர்வுத் தொகை சுமார் 275 பார்ன். நிஜக் கம்பியில் இந்தத் தற்காப்பினால் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. ஆக உலைக்கு வேண்டியது முகட்டின் உச்சி இல்லை; முகட்டின் தோள்களும், இரண்டு முகடுகளுக்கு நடுவே உள்ள பள்ளமும்தான். மெல்லிய தகட்டில் உச்சியை மட்டும் துல்லியமாக அளந்து வைத்தால் போதாது. தோள்களை அளக்கத் தடித்த மாதிரிகளும் நீண்ட பறப்புப் பாதையும் வேண்டும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் இருந்த ஓரெலா முடுக்கி போன்ற இடங்களில், நியூட்ரான் கிளம்பிய நேரத்தையும் வந்து சேர்ந்த நேரத்தையும் வைத்து ஆற்றலைக் கணக்கிடும் சோதனைகள் இதற்காகவே நடந்தன.

யுரேனியம்-238 அதிகமாகப் பிடிப்பதாகத் தரவு சொன்னால், கணக்கில் நியூட்ரான் குறையும், பெருக்கக் காரணி இறங்கும். திசை பொருந்துகிறது. ஆனால் திசை பொருந்துவது மட்டும் சான்றாகாது. பெருக்கக் காரணியை இறக்க நூறு வழிகள் உண்டு.

பெருக்கக் காரணிக்கு வெளியே

இந்த நிகழ்வின் உயிர்நாடி இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பெருக்கக் காரணி ஒற்றை எண். பிறப்பு, பிடிப்பு, கசிவு எல்லாம் அதற்குள் கலந்துவிட்டன. யுரேனியம்-238ன் பிடிப்பைத் தனியாகத் தொட்டுப் பார்க்க வேறு அளவீடு வேண்டும்.

அதற்குப் பழைய வழி ஒன்று இருந்தது. யுரேனியம்-238 ஒரு நியூட்ரானைப் பிடித்தால் யுரேனியம்-239 ஆகும், 23 நிமிட அரை ஆயுளில் அது நெப்டூனியம்-239 ஆகும், அது 2.36 நாள் அரை ஆயுளில் புளூட்டோனியம்-239 ஆகும். நெப்டூனியம் சிதையும்போது வரும் காமா கதிரை எண்ணினால், கம்பிக்குள் எத்தனை பிடிப்பு நடந்தது என்று தெரியும். மெல்லிய யுரேனியத் தகட்டை, வெப்ப நியூட்ரான்களை (வேகம் முழுதும் குறைந்தவை) விழுங்கிவிடும் காட்மியம் உறையோடும் இல்லாமலும் வைத்து அளந்தால், அந்த நிலைக்கு இன்னும் இறங்காத நியூட்ரான்கள் தந்த பிடிப்பையும் வெப்ப நியூட்ரான்கள் தந்த பிடிப்பையும் பிரிக்கலாம். இவற்றின் விகிதத்தை ரோ-28 என்பார்கள். 1.3 விழுக்காடு செறிவூட்டிய யுரேனிய உலோகக் கம்பிகளை வைத்துச் செய்த டிஆர்எக்ஸ்-1 சோதனையில் இதன் மதிப்பு 1.320, நிச்சயமின்மை 0.021, அதாவது 1.6 விழுக்காடு.

நாம் தேடும் திருத்தமோ ஒரு விழுக்காட்டை ஒட்டியது. அளவுகோலின் கோடே தேடும் பொருளைவிடத் தடிமன். இப்படிப்பட்ட இடத்தில் ஒற்றைச் சோதனையை வைத்து 'நிரூபித்துவிட்டோம்' என்று சொல்பவர்களை நம்பக் கூடாது. பல சோதனைகள் ஒரே திசையைக் காட்டினால்தான் எடை கூடும். அப்படியே காட்டின: இத்தகைய விகிதங்களில் கணக்கு மிகை. மின் உலையில் எரிந்து வெளிவந்த எரிபொருளை வெட்டி, கரைத்து, ஐசோடோப்புகளை எண்ணிய சோதனைகளும் அதே கதையைச் சொன்னன. யுரேனியம்-238 பிடித்த ஒவ்வொரு நியூட்ரானும் புளூட்டோனியமாக அங்கே பதிவாகியிருக்கிறது. அழிக்க முடியாத ரசீது.

பெருக்கக் காரணி குறைவு, பிடிப்பு விகிதம் மிகை. இந்த இரண்டும் சேர்ந்த பிறகுதான் வழக்கு யுரேனியம்-238 மேல் நின்றது.

திருத்தம்

ஓஇசிடி அணுசக்தி முகமையின் தரவு மதிப்பீட்டு ஒத்துழைப்பில் இதற்கென்றே 22ஆம் துணைக்குழு அமைக்கப்பட்டது; அதன் அறிக்கை 2006ல் வெளிவந்தது. பெஞ்ச்மார்க்கைப் பார்த்து எண்ணை இழுத்து வைக்கும் குறுக்கு வழியை அவர்கள் எடுக்கவில்லை. ஓக் ரிட்ஜ் ஆய்வகமும் பிரான்சின் அணுசக்தி அமைப்பும் சேர்ந்து, பழைய பறப்புநேர அளவீடுகளை மறுபடியும் எடுத்து, ஒத்ததிர்வு ஒவ்வொன்றையும் புதிதாகப் பொருத்தினார்கள். தனித்தனி முகடுகளாகப் பிரித்தறியும் எல்லை 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 20க்கு நீண்டது. வெப்ப நியூட்ரானுக்கான பிடிப்பு சுமார் 2.72 பார்னிலிருந்து 2.68 பார்னுக்கு இறங்கியது. வேக நியூட்ரான்கள் யுரேனியம்-238ல் மோதி ஆற்றல் இழக்கும் மீட்சியற்ற சிதறலும் தனியாக மறுமதிப்பீடு ஆனது.

இது எவ்வளவு தரும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். கம்பிச் சோதனையில் 100 நியூட்ரான்களில் 25 போல யுரேனியம்-238க்குப் போவதாகவும், அதில் 7 போல வெப்ப நிலையில், மீதி வழியிலுள்ள ஒத்ததிர்வுகளில் சிக்குவதாகவும் வைத்துக்கொள்வோம். வெப்பப் பிடிப்பு 1.3 விழுக்காடு குறைந்தால் 100 பிசிஎம்முக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பி வரும். ஒத்ததிர்வுப் பிடிப்பு 1 விழுக்காடு குறைந்தால் 180 போல வரும். இரண்டும் சேர்ந்து பாதிக்குச் சற்று மேல். மீதி மற்ற திருத்தங்களிலிருந்து வர வேண்டும்.

புதிய யுரேனியம்-238 தரவு 2005ல் ஜெஃப்-3.1லும், 2006 டிசம்பரில் என்டிஎஃப்/பி-7.0லும் இடம்பெற்றது. கம்பிச் சோதனைகளைத் திரும்பக் கணக்கிட்டார்கள். நீண்ட நாள் சாய்வு மறைந்து, விடைகள் 1ஐச் சுற்றி நின்றன.

நான் இந்த வேலையை உயர்வாக மதிக்கிறேன். அடிப்படை அளவீட்டுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து மேலே வந்து, ஒருங்கிணைந்த சோதனையோடு கை குலுக்கினார்கள். ஆனால் நிகழ்வு இங்கே முடியவில்லை.

அப்புறம் ஆக்சிஜன்

அந்த 500ஐ நிரப்பிய பங்காளிகளில் ஆக்சிஜனும் ஒன்று. வேக நியூட்ரானை ஆக்சிஜன்-16 விழுங்கி ஆல்ஃபா துகளை வெளியிடும் வினை உண்டு, சுமார் 2.4 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல்தான் அது சாத்தியம். என்டிஎஃப்/பி-7.0 வந்த காலத்தில் இதன் பரப்பு 32 விழுக்காடு குறைக்கப்பட்டிருந்தது. விழுங்கல் குறைந்ததால் கம்பிச் சோதனைகளில் 100 பிசிஎம் அளவுக்குப் பெருக்கக் காரணி ஏறியது.

பின்னர் சியெலோ என்ற பன்னாட்டு ஒத்துழைப்பில் ஹைட்ரஜன், ஆக்சிஜன்-16, இரும்பு-56, யுரேனியம்-235, யுரேனியம்-238, புளூட்டோனியம்-239 ஆகியவற்றை மறுபடி எடுத்து ஆராய்ந்தார்கள். 2018ல் வெளியான என்டிஎஃப்/பி-8.0ல் ஆக்சிஜனின் அந்த வினை 30 முதல் 50 விழுக்காடு வரை மேலே ஏற்றப்பட்டது. அதாவது முன்பு குறைத்தது ஏறத்தாழத் திரும்பி வந்தது. அதே வெளியீட்டில் யுரேனியம்-235ன் வெப்பப் பிளவில் பிறக்கும் நியூட்ரான்களின் சராசரி ஆற்றல் 2.03 மெகா எலக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 2.00க்கு இறங்கியது, வேறு பல எண்களும் நகர்ந்தன. இத்தனை நகர்ந்தும் கம்பிச் சோதனைகளின் விடை முன்பு போலவே 1ஐ ஒட்டித்தான் நின்றது.

இதைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். 2006ன் தொகுப்பும் 1 என்கிறது, 2018ன் தொகுப்பும் 1 என்கிறது. உள்ளே ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேறுபடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. பள்ளிக்கூடக் கணக்கில் விடை சரியாக இருந்து வழி தவறாக இருந்தால் ஆசிரியர் கண்டுபிடித்துவிடுவார். ஏனென்றால் வழியும் தாளில் இருக்கிறது. பெருக்கக் காரணி வழியைக் காட்டாது.

சில இடங்களில் இந்த ஒத்துப்போதல் திட்டமிட்டே வருகிறது. லாஸ் அலமோஸில் செய்யப்பட்ட ஜெசபெல் என்ற வெற்றுப் புளூட்டோனியக் கோளம் 1ஆக வரும்படி, புளூட்டோனியம்-239 பிளவில் வெளிவரும் நியூட்ரான் எண்ணிக்கை அளவீட்டு நிச்சயமின்மைக்குள் நகர்த்தப்பட்டதை மதிப்பீட்டாளர்களே வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள். அதில் தவறு இல்லை. ஆனால் அதன் பிறகு ஜெசபெல் சரியாக வருவதைச் சரிபார்ப்பு என்று கணக்கில் எழுதக் கூடாது. அது அளவுத்திருத்தம். இரண்டும் ஒரே அட்டவணையில் அடுத்தடுத்த வரிகளில் அச்சாகும்போது படிப்பவர் ஏமாந்துபோகிறார்.

இன்னொன்று, ஜெசபெல்லோ, அதன் யுரேனியத் தோழி கோடைவாவோ, இந்த வழக்கில் எதையும் சொல்ல முடியாதவை. அவற்றில் தண்ணீர் இல்லை. நியூட்ரான்கள் வேகமாகப் பிறந்து வேகமாகவே சாகின்றன, 6.67 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு யாரும் இறங்கி வருவதில்லை. கோடைவா சரியாக வருகிறது என்பதைக் காட்டி நீர் உலைக்கான தரவு சரி என்று வாதிடுவது, பார்க்காத சாட்சியைக் கூண்டில் ஏற்றுவது.

எரியும்போது வெளிவந்தது

என்டிஎஃப்/பி-8.0ன் உள் ஈடுகட்டல்கள் எங்கே கட்டவிழ்ந்தன? எரிபொருள் எரியும்போது. புதுக் கம்பியில் பிளவின் மிகப் பெரும்பகுதி யுரேனியம்-235ல். நாள் போகப் போக யுரேனியம்-235 தேய்கிறது, புளூட்டோனியம்-239 சேர்கிறது, பிளவின் பாரம் கைமாறுகிறது. யுரேனியம்-235ல் இருந்த ஒரு பிழையை யுரேனியம்-238ல் இருந்த எதிர்ப் பிழை சமன் செய்திருந்தால், ஒரு தட்டு லேசாகும்போது தராசு சாயும்.

அப்படித்தான் ஆயிற்று. அழுத்தநீர் உலை எரிபொருளை என்டிஎஃப்/பி-8.0 வைத்து எரித்துக் கணக்கிட்டவர்களுக்கு, தொடக்கத்தில் அதற்கு முந்தைய என்டிஎஃப்/பி-7.1 தொகுப்போடு ஒத்துப்போன பெருக்கக் காரணி, எரிப்பு கூடக் கூடப் பல நூறு பிசிஎம் கீழே விலகியது. உண்மையில் ஓடிய உலைகளின் போரான் அளவுகளோடு ஒப்பிட்டால் பழைய தொகுப்பே நெருக்கமாக இருந்தது. ஏராளமான மாறுநிலைச் சோதனைகளில் தேறிய தொகுப்புதான் 8.0. அந்தச் சோதனைகளில் மிகப் பெரும்பாலானவை எரியாத புது எரிபொருளில் செய்தவை என்பதுதான் விஷயம்.

எனவே தரவுத் தொகுப்பு ஒன்றை உலைக் கணக்குக்கு ஏற்கலாமா என்று பார்க்கும்போது, சராசரி விலகல் எத்தனை பிசிஎம் என்ற வரிக்கு முன்னால் நான் தேடுவது வேறு சில. யுரேனியம்-238ன் பிடிப்புப் பங்கு கூடக்கூட விலகல் சாய்கிறதா? வேக நியூட்ரான் கசிவு கூடும்போது? செறிவூட்டல் மாறும்போது? சாய்வில்லாத 200 பிசிஎம் விலகலைவிட, சராசரியில் பூஜ்யமாகி ஒரு முனையில் மேலும் மறுமுனையில் கீழும் நிற்கும் விலகல் ஆபத்தானது. அப்புறம் விகித அளவீடுகள் உண்டா, எரிந்த எரிபொருளின் ஐசோடோப்பு எண்ணிக்கை உண்டா என்று பார்ப்பேன். தொகுப்போடு வரும் நிச்சயமின்மைக் கோப்புகளையும் பார்க்க வேண்டும்: 7.1ன் கோப்புகளைக் கொண்டு நீர் உலைக்குக் கணக்கிட்டால் தரவினால் மட்டும் வரும் நிச்சயமின்மை 500 பிசிஎம்மைத் தொடும் அல்லது தாண்டும். பெஞ்ச்மார்க் விடைகள் அதைவிட மிக நெருக்கமாக 1ஐச் சுற்றி நிற்கின்றன. இந்த நெருக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் மறுபடியும் அதே ஈடுகட்டலில்தான் போய் நிற்போம்.

2024 ஆகஸ்டில் என்டிஎஃப்/பி-8.1 வெளியானது. யுரேனியம்-235, யுரேனியம்-238, புளூட்டோனியம்-239 மூன்றும் மறுபடி திருத்தப்பட்டிருக்கின்றன. இந்த முறை திருத்தும்போதே எரிப்புக் கணக்குகளையும் ஓட்டிப் பார்த்தார்கள். வெட்டிக் கரைத்த எரிபொருளும், ஓடிய உலைகளின் போரான் குறிப்பேடும், தண்ணீர்த் தொட்டிகளோடு சேர்ந்து சாட்சிக் கூண்டுக்கு வந்திருக்கின்றன.